சீட்டுக் காசில் ஒரு ஜப்பான் கத்தி

பண்டாரவளையில் இருக்கும் தங்கச்சி போன மாதம் போன் எடுத்தாள். "அண்ணே, சீட்டு எனக்கு விழுந்திருச்சு. முப்பதாயிரம். நல்ல ஜப்பான் கத்தி ஒன்னு வாங்கலாம்னு இருக்கேன். எதை வாங்கட்டும்?"

அவள் வீட்டில் ஏழு பேர். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் காலை ஆறரைக்குள் சோறு, இரண்டு கறி, ஒரு சுண்டல் ஆகிவிட வேண்டும். கோவா, கரட், லீக்ஸ், போஞ்சி என்று மரக்கறி மட்டும் நாளைக்கு இரண்டு கிலோ. இவ்வளவையும் அவள் வெட்டுவது வாய் மழுங்கிய, பிளாஸ்டிக் பிடி ஆடுகிற ஒரு கத்தியால். அதனால் சீட்டுக் காசைக் கத்தியில் போடுவதை நான் ஆடம்பரமாக நினைக்கவில்லை. ஆனால் அது சின்னக் காசும் இல்லை. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அந்தக் கணக்கில் 30,000 ரூபா என்பது 22 நாள் கொழுந்து பறித்த கூலி.

நான் கொழும்பில் ஹோட்டல் குசினிகளில் பதினொரு வருஷம் மரக்கறி வெட்டியும் இறைச்சி அரிந்தும் பிழைத்தவன். இப்போது ஹட்டனுக்கே திரும்பிவிட்டேன். போனில் அவளுக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். அவளைப் போல யோசிக்கிறவர்கள் இந்தப் பக்கம் இன்னும் பலர் இருப்பார்கள்.

ஜப்பான் கத்தியை எல்லோரும் புகழ்வது எதனால் என்பதை முதலில் சொல்ல வேண்டும். மெல்லிய தகடு, கடினமான உருக்கு, அதனால் கூர்மையான கோணம். இந்த மூன்றுதான். நம் வீட்டுத் தடித்த கத்தியால் கரட்டை வெட்டினால் 'டக்' என்று பிளந்து துண்டு தெறிக்கும். அது வெட்டு இல்லை. கத்தி ஆப்பு மாதிரி உள்ளே போய்க் கிழங்கை உடைக்கிறது. மெல்லிய கத்தி சத்தமில்லாமல் இறங்கும். வல்லாரையைச் சம்பலுக்கு அரியும்போது வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். மழுங்கிய வாய் இலையை நசுக்குவதால் பலகையெல்லாம் பச்சைத் தண்ணீர் நிற்கும், கொஞ்ச நேரத்தில் கீரையும் கறுக்கும். நல்ல வாயால் அரிந்த வல்லாரை நூல் நூலாக, பச்சையாகவே கிடக்கும். வெங்காயம் கண்ணை எரிப்பதும் நசுங்குவதால்தான் கூடுகிறது.

வீட்டுக்கு வாங்கக்கூடிய ஜப்பான் வடிவங்கள் மூன்று: கியூட்டோ, சந்தொக்கு, நக்கிரி. கடைக்காரர் யனகிபா, தேபா என்று வேறு பெயர்களும் சொல்வார். அவை மீனுக்கானவை. பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் சரிவு வைத்துத் தீட்டப்பட்டவை. வலது கைக்காரருக்கென்று செய்ததை இடது கையில் பிடித்தால் வெட்டு ஒரு பக்கமாக ஓடும். தங்கச்சி இடக்கைக்காரி என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். மேலே சொன்ன மூன்றும் இரு பக்கமும் சரிவு உள்ளவை. இடது கையோ வலது கையோ, பயமில்லை.

கியூட்டோ என்றால் 'மாட்டு வாள்' என்று பொருள். மெய்ஜி காலத்தில் மாட்டிறைச்சி ஜப்பானியர் சாப்பாட்டுக்குள் வந்தபோது, மேல்நாட்டுச் சமையல்காரரின் கத்தியைப் பார்த்து அங்கே செய்த வடிவம் இது. நுனி கூராக இருக்கும், வாய் மெல்ல வளைந்து மேலே போகும். வழக்கமான நீளம் 210 அல்லது 240 மில்லிமீற்றர். ஹோட்டலில் என் கையில் இருந்தது 240. இப்போதும் ஒரே கத்திதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினால் நான் எடுப்பது கியூட்டோதான். கோழியைத் தோலுரித்துச் சதை எடுக்க, பெரிய கோவாவை ஒரே இழுப்பில் இரண்டாக்க, மல்லித்தழையை முன்னும் பின்னும் ஆட்டிப் பொடியாக நறுக்க அதற்கு ஈடு இல்லை.

ஆனால் அதற்கு இடம் வேண்டும். 210 கத்திக்கு 40 சென்ரிமீற்றர் அகலத்துக்காவது பலகை இருந்தால்தான் கை தாராளமாக ஓடும். நம் ஆட்களின் பல குசினிகளில் காஸ் அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே ஒரு முழப் பலகை வைக்கவே இடம் தேட வேண்டியிருக்கிறது. அதிலும் பக்கத்தில் பிள்ளை நின்று பாணைப் பிய்த்துத் தின்றுகொண்டிருக்கும். நீண்ட கூர்நுனி அங்கே வேண்டாம் என்பது என் எண்ணம்.

சந்தொக்கு பிறந்ததே இப்படிப்பட்ட வீடுகளுக்காகத்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஜப்பானில், 1940களில், கியூட்டோவையும் மரக்கறிக் கத்தியையும் சேர்த்து வீட்டுச் சமையலுக்கென்று உண்டாக்கிய வடிவம். பெயருக்கு 'மூன்று நற்குணம்' என்று அர்த்தம் சொல்வார்கள். இறைச்சி, மீன், மரக்கறி மூன்றுக்கும் ஆகும் என்று ஒரு விளக்கம். 165 முதல் 180 மில்லிமீற்றர் நீளம். முதுகு நுனிக்கு அருகே கீழே வளைந்து இறங்குவதால் குத்துகிற முனை இல்லை. தகடு அகலம், 45 மில்லிமீற்றருக்கு மேல் வரும். அதனால் விரல் முட்டி பலகையில் இடிக்காது. வெட்டியதை அப்படியே தகட்டில் அள்ளிச் சட்டியில் போடலாம். வாய் ஓரளவு தட்டையாக இருப்பதால் முன்னும் பின்னும் ஆட்டுகிற வெட்டு அவ்வளவு வராது. மேலிருந்து கீழே, கொஞ்சம் முன்னால் தள்ளி வெட்ட வேண்டும். நம் பெண்கள் பலகையில் வெட்டுகிற பழக்கமும் ஏறக்குறைய அதுதான்.

நக்கிரி முழுக்க மரக்கறிக்கு. பெயரே 'கீரை வெட்டி' என்பதுதான். நீள்சதுரத் தகடு, முனை கிடையாது, வாய் நேர்கோடு, 165 மில்லிமீற்றர். கோவாவைச் சுண்டலுக்கு அரிய இதைவிடச் சுகமான கத்தியை நான் பிடித்ததில்லை. வாய் முழுவதும் ஒரே சமயத்தில் பலகையைத் தொடுவதால், அரிந்த லீக்ஸ் ஒன்றோடொன்று ஒட்டி மாலை மாதிரித் தொங்காது. கரட்டும் நோக்கோலும் தீக்குச்சி மாதிரி வரும். மரக்கறி மட்டும் சமைக்கிற வீடென்றால் நான் நக்கிரியைத்தான் சொல்வேன். தங்கச்சி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கோழி, இடையில் மீன் உண்டு. உருளைக்கிழங்கின் கண்ணைத் தோண்டுவதற்கும் கோழியின் மூட்டைத் தேடிப் பிரிப்பதற்கும் முனையில்லாத கத்தி கை கொடுக்காது. ஒற்றைக் கத்தியாக நக்கிரி குறைதான். இரண்டாவது கத்தியாக அருமை.

ஆக அவளுக்கு வடிவம் சந்தொக்கு என்பது இலகுவாகவே முடிவாகிவிட்டது. சிக்கல் உருக்கில்தான் தொடங்குகிறது.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, துருப்பிடிக்கிற கரி உருக்கு. ஜப்பானில் ஷிரோகாமி, அவோகாமி என்பார்கள், வெள்ளைத் தாள், நீலத் தாள் என்று அர்த்தம். உருக்குக்கும் தாளுக்கும் வேறு சம்பந்தமில்லை, சுற்றி வந்த காகிதத்தின் நிறம்தான் பெயராகிவிட்டது. ஷிரோகாமியில் ஏறத்தாழ 1 சதவீதம் கரி இருக்கும், துருவைத் தடுக்கிற குரோமியம் இல்லை என்றே சொல்லலாம். கல்லில் வைத்தால் வெண்ணெய் மாதிரித் தீட்டுப்படும், சவரக்கத்திக் கூர் ஏறும். இன்னொன்று துருவை எதிர்க்கும் உருக்கு. விஜி-10 என்பது அதில் பேர் பெற்றது. ஜப்பானின் ஃபுகுயி மாவட்டத்தில் தகேஃபு உருக்காலை செய்வது. 1 சதவீதம் கரியும் 15 சதவீதம் குரோமியமும் உள்ளது. ஏயுஎஸ்-8, ஏயுஎஸ்-10, வெறுமனே 'மொலிப்டினம் வனேடியம்' என்று பெட்டியில் எழுதியவை எல்லாம் இந்தப் பக்கத்து ஆட்கள்தான்.

கூரை மட்டும் பார்த்தால் எனக்குக் கரி உருக்குத்தான் பிடிக்கும். ஆசைப்பட்டு ஒரு ஷிரோகாமி நக்கிரி வாங்கியும் வைத்திருந்தேன். யூன் மாதம், ஹட்டனில் மூன்று நாளாக வெயில் முகமே காட்டவில்லை. ராத்திரி தேசிக்காய் அறுத்துவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எழுந்து போனவன் கத்தியை மறந்துவிட்டேன். காலையில் பார்த்தால் தகடு முழுவதும் செம்மண் தெளித்த மாதிரித் துரு. துடைத்தால் போகிற துரு இல்லை, சில இடங்களில் வாயிலேயே குழி விழுந்திருந்தது. தீட்டிச் சரியாக்கினேன், ஆனால் கத்தியின் அகலத்தில் இரண்டு மில்லிமீற்றர் போய்விட்டது.

மலைநாட்டில் இது எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் மூடுபனிக்குள் கிடக்கும். துவைத்த துணி மூன்றாம் நாளும் ஈரம், உப்புப் போத்தல் தண்ணீர் விடும். அந்தச் சமயத்தில் பண்டாரவளை, பதுளைப் பக்கம் காய்ந்த காற்று வீசும். தங்கச்சி யூலையில் மிளகாய் காயப்போடுகிறாள் என்றால் இங்கே நாங்கள் நெருப்பு மூட்டித் துணி காயவைக்கிறோம். ஆகவே ஊவாப் பக்கத்தில் கவனமான ஒருவர் கரி உருக்கு வைத்துப் பிழைக்கலாம். ஆனால் அங்கேயும் ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை மழைதான். தங்கச்சி வீட்டில் கத்தி ஒரு கையில் இருக்காது. மாமியார் எடுப்பார், மூத்தவன் அன்னாசி வெட்டுவான், எடுத்தவர் அப்படியே தண்ணீர்த் தொட்டியில் போடுவார். கரி உருக்கு வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

கரி உருக்குதான் வேண்டும் என்பவர்கள் வெட்டி முடித்த உடனே கழுவி, துடைத்து, அடுப்புப் பக்கத்தில் சற்றுக் காயவைத்து, ஒரு துளி எண்ணெய் பூசி வையுங்கள். ஜப்பானில் இதற்குத் த்சுபாகி என்ற செடியின் விதை எண்ணெயைப் பூசுவது பழைய வழக்கம். த்சுபாகி கமேலியா இனம், நம் தேயிலையும் கமேலியா இனம்தான். நாளெல்லாம் தேயிலைச் செடிக்கு நடுவே நிற்கிற நமக்கு அந்தக் கத்தி எண்ணெய் தூரத்துச் சொந்தக்காரி என்று அறிந்தபோது எனக்கு மனசு நிறைந்துபோனது. நம் வீட்டில் தேங்காய் எண்ணெயே போதும். தினமும் பாவிக்கிற கத்திக்கு அது பிசுக்கேறும் முன்பே துடைபட்டுவிடும்.

அப்புறம் கடினத்தன்மை. ராக்வெல் என்ற அளவையில் ஐரோப்பியக் கத்திகள் பெரும்பாலும் 55 முதல் 58 வரை நிற்கும். விஜி-10 கத்தி 60 வரும். எண்ணில் சின்ன இடைவெளி, கையில் பெரிய வித்தியாசம். கடின உருக்கு கூரை நீண்ட நாள் தாங்கும், பக்கத்துக்கு 15 பாகை அளவுக்கு மெல்லிய வாயும் தாங்கும். ஆனால் வளையாது, உடையும். ஹோட்டலில் என் விஜி-10 கத்தியை ஒரு நாள் புதுப் பையன் ஒருவன் எடுத்து உறைந்த மீன் தலையில் போட்டான். வாயில் அரிசி அளவுக்கு மூன்று பல் விழுந்தது. கரடுமுரடான கல்லில் ஒரு மணி நேரம் தேய்த்துத்தான் அதை எடுத்தேன். பையனைத் திட்டவில்லை. அவன் ஊரில் எல்லாவற்றையும் ஒரே கத்தியால் வெட்டிப் பழகியவன், நானும் அப்படித்தான் வந்தேன்.

இதனால்தான், எந்த ஜப்பான் கத்தி வாங்கினாலும் வீட்டுப் பழைய கத்தியைத் தூக்கிப் போடாதீர்கள் என்கிறேன். தேங்காய் உடைக்க, கோழி எலும்பு வெட்ட, பலாக்காய் பிளக்க, கருவாட்டுத் தலையை நறுக்க, பூசணிக்காயின் கட்டித் தோலைப் பிளக்க மெல்லிய கத்தி ஆகாது. பூசணிக்காயில் அது இறுகிக்கொள்ளும், நாம் இழுக்கப் பக்கவாட்டில் முறுக்குவோம், அந்த முறுக்கில்தான் வாய் உடையும். அந்த வேலைக்கெல்லாம் கம்மாலையில் லொறி ஸ்பிரிங் தகட்டை அடித்துச் செய்கிற கத்திதான் ராஜா. தடிப்பு, பாரம், அடி தாங்கும் உருக்கு. நல்ல கொல்லர் அடித்ததை நான் எந்த வெளிநாட்டுக் கத்திக்கும் குறைத்துச் சொல்ல மாட்டேன். பலாங்கொடைக்குப் பக்கத்தில் சமனலவெவவில் 7ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட இரும்புலைகளை அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். மேற்குப் பார்த்த சரிவில் உலை கட்டி, பருவக்காற்றையே துருத்தியாக்கி, உயர்ந்த கரி உருக்கு வார்த்திருக்கிறார்கள். கில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் 1996இல் நேச்சர் இதழில் அதை எழுதினார். என் நக்கிரியைத் துருவாக்கிய அதே யூன் மாதக் காற்றுதான். ஆனால் ஸ்பிரிங் தகட்டுக் கத்தியை மரக்கறிக்கு மெல்லிசாக்கித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். நான் கேட்ட இடங்களில் அந்த அளவு மெல்லிசு வரவில்லை. இரண்டு கத்தி, இரண்டு வேலை என்று வைத்துக்கொள்வதுதான் சரி.

இனி கையில் இருக்கும் காசுக்கு என்னென்ன வரும் என்று பார்க்கலாம். டொலருக்கு 300 ரூபா, யென்னுக்கு 2 ரூபா என்று கணக்கு எளிமைக்காக வைத்துக்கொள்கிறேன். விலைகள் ஏறத்தாழ. கொண்டுவரும் கூலியும் வரியும் தனி.

ஆகக் குறைந்தது தாய்லாந்துக் கீவிக் கத்தி. சில டொலர்தான். ஜப்பான் கத்தி இல்லை, ஆனால் அகலமான நக்கிரி மாதிரித் தகடும் அதிலே உண்டு, அதுவும் மிக மெல்லிசு. உருக்கு மென்மை, தினமும் பாவித்தால் அடிக்கடி தீட்ட வேண்டும். ஆனால் தீட்டுவது இலகு, தீட்டிய அன்று மரக்கறியில் அது ஓடுகிற ஓட்டம் விலைக்கு மிஞ்சியது. தீட்டப் பழகாதவர்கள் இதில் பழகலாம், கெடுத்தாலும் மனசு வலிக்காது. கையில் 5,000 ரூபாதான் இருக்கிறது என்றால் நான் சொல்வது இதுவும் ஒரு மலிவுக் கல்லும்.

விக்டோரினொக்ஸ் ஃபைப்ரொக்ஸ் சுவிற்சர்லாந்துக் கத்தி. ஹோட்டல்களில் கறுப்பு பிளாஸ்டிக் பிடியோடு பார்த்திருப்பீர்கள். 20 சென்ரிமீற்றர் கத்தி 50 டொலர் சுற்றளவு, சந்தொக்கு வடிவிலும் செய்கிறார்கள். கடினத்தன்மை 55, 56. ஈரக் கையில் வழுக்காத பிடி, யார் எடுத்தாலும் தாங்கும், எலும்பில் பட்டாலும் வாய் மடங்குமே தவிர உடையாது. குறை என்றால் கூர் சீக்கிரம் போகும், கரட்டில் ஜப்பான் கத்தியின் சுகம் இருக்காது. நம்பிக்கையான வேலைக்காரன்.

டோஜிரோ டிபி என்பது வீட்டுக்கு வாங்கும் ஜப்பான் கத்திகளில் வெளிநாட்டுச் சமையல்காரர் பலரும் முதலில் கை காட்டுவது. நீகாட்டா மாவட்டத்தின் த்சுபாமேயில் செய்கிறார்கள். நடுவில் விஜி-10, இரு பக்கமும் மென்மையான துருப்பிடிக்காத தகடு, ஆக மூன்று அடுக்கு. கடினத்தன்மை 60. சந்தொக்குவோ 210 கியூட்டோவோ 80 முதல் 110 டொலர் வரும். கத்தியாக இது எனக்குப் பிடித்தமானது. ஹோட்டலில் பல் விழுந்தது என்று சொன்னேனே, அதே வகை உருக்கு. இதை வாங்கினால் தங்கச்சியின் 30,000 அநேகமாக முழுதும் போய்விடும், கல்லுக்குக் காசு இருக்காது.

குளோபல் என்ற கத்தி 1985இல் வந்தது, பிடியும் தகடும் ஒரே உலோகமாகப் பார்க்க அழகாக இருக்கும். விலை டோஜிரோவுக்கு மேலே. எண்ணெய்க் கையில் அந்த உலோகப் பிடி எனக்குச் சரிப்படவில்லை. அழகுக்காக விட மனமில்லாதவர்கள் ஒரு முறை கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

நம் ஆட்கள் பலருக்குத் தெரியாமல் இருக்கிற வழி ஒன்று உண்டு. ஜப்பானில் சாதாரண வீட்டுக்காரர் சந்தைக்குப் போய் வாங்குகிற கத்தி ஷிரோகாமியும் இல்லை, டோஜிரோவும் இல்லை. கிஃபு மாவட்டத்தின் செகி நகரம் வாள் செய்த காலத்திலிருந்து இரும்பு வேலைக்குப் பேர் போன ஊர். 1908இல் அங்கே தொடங்கிய காய் நிறுவனம் 'செகி மகொரொக்கு' என்ற பெயரில் வீட்டுக் கத்திகள் விற்கிறது. அதிலே கீழ்ப்படி விலையில் வரும் துருப்பிடிக்காத சந்தொக்கு 3,000 முதல் 5,000 யென். நம் காசில் 6,000 முதல் 10,000 ரூபா. விஜி-10 அளவுக்குக் கடினம் இல்லை, அதனால் கூர் அவ்வளவு நாள் நிற்காது. ஆனால் அதே மெல்லிய தகடு, அதே வடிவம், தவறு நடந்தாலும் அவ்வளவு இலகுவில் உடையாத வாய். இதே பெயரில் விலை கூடின வகைகளும் இருப்பதால் பெட்டியைப் பார்த்துக் கேட்க வேண்டும். இங்கிருந்து ஜப்பானுக்கு வேலைக்கும் படிக்கவும் போன பிள்ளைகள் இப்போது எத்தனையோ பேர். லீவுக்கு வருகிறவரிடம் சொல்லிவிட்டால் கொண்டுவருவார்கள். கைப்பையில் வைக்கக் கூடாது, விமானத்தின் சரக்கில் போகிற பெட்டிக்குள் சுற்றி வைக்கச் சொல்லுங்கள்.

இணையத்தில் விளம்பரம் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தகட்டில் அலை அலையாகக் கோலம், விரல் நுழைக்க ஓட்டை, 'ஜப்பான் முறையில் கைவினைஞர் செய்தது' என்ற வாசகம், பாதி விலைக் கழிவு. என் சொந்தக்காரர் ஒருவர் 14,000 ரூபா கொடுத்து அப்படி ஒன்று வாங்கி எனக்குத் தீட்டக் கொடுத்தார். கல்லில் இரண்டு முறை பக்கவாட்டில் பட்டதுமே அலைக் கோலம் அழிந்துவிட்டது, மேலே பொறித்த வெறும் படம். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகிவிட்டது. உண்மையான அடுக்குத் தகட்டில் பெரும்பாலும் அலை வாய்வரை வராது. வாய்க்குச் சற்று மேலே நின்று, அதற்குக் கீழே நடு உருக்கு கோலமில்லாமல் தெரியும். அதைவிட எளிய சோதனை, உருக்கின் பெயரைக் கேட்பது. ஒழுங்காகச் செய்கிறவர் உருக்கின் பெயரும் கடினத்தன்மையும் எழுதியிருப்பார். 'உயர்தர உருக்கு' என்று மட்டும் இருந்தால் விலகிவிடுங்கள்.

பிடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜப்பான் மரப்பிடி இலேசு, ஆனால் சிலவற்றில் 'டி' எழுத்து மாதிரி ஒரு பக்கம் புடைப்பு வைத்திருப்பார்கள், அது வலது கைக்கு. இடக்கைக்காரர் எண்கோணப் பிடியோ மேல்நாட்டுப் பிடியோ எடுக்கலாம்.

இதெல்லாம் சொல்லி முடித்தபோது தங்கச்சி, "சரி, அப்ப டோஜிரோவே வாங்கிடுறேன். காசு சரியா இருக்குதானே?" என்றாள். "தீட்ட யார் இருக்கா?" என்று கேட்டேன். பதில் இல்லை.

அப்பா கவ்வாத்துக்காரர், தேயிலைச் செடியை வெட்டிச் சீராக்குகிறவர். விடியும் முன் வாசலில் குந்தி, கவ்வாத்துக் கத்தியைக் கல்லில் இழுக்கிற சத்தத்தில்தான் நாங்கள் இரண்டு பேரும் விழிப்போம். செடியின் வாது ஒரே வெட்டில், சரிவாக, பிளக்காமல் விழ வேண்டும். பிளந்தால் அந்த வழியே அழுகல் இறங்கும். அதனால் மலையில் நிற்கும்போதும் கல் அவர் மடியில் இருக்கும், இடையிடையே தீட்டுவார். கத்தி அவருடையதா தோட்டத்துடையதா என்பது எனக்கு ஞாபகமில்லை. கல் அவருடையது. அதை யாரும் தொடக் கூடாது.

எவ்வளவு விலைக் கத்தியும், நாளைக்கு இரண்டு கிலோ மரக்கறி வெட்டினால் சில மாதத்தில் மழுங்கத்தான் செய்யும். கல் இல்லாத வீட்டில் 27,000 ரூபாக் கத்தி ஆறாம் மாதம் பழைய கத்தியாகிவிடும். தெருவில் வருகிற சாணைச் சக்கரத்தில் கொடுத்தால் தீப்பொறி பறக்கும். அந்தச் சூட்டில் மெல்லிய வாயின் பதம் போய்விடும். கவ்வாத்துக் கத்திக்கும் மண்வெட்டிக்கும் அந்தச் சக்கரம் நல்லதுதான், இதற்கு ஆகாது. வரிவரியாகக் கோடு போட்ட இரும்புக் கம்பியில் உரசுவதும் கடின வாயில் சின்னச் சின்னப் பல்லாக உடைக்கும். ஆகவே வாங்க வேண்டியது 1000 இலக்கத் தண்ணீர்க் கல் ஒன்று. இலக்கம் என்பது கல் எவ்வளவு நைசு என்பதைச் சொல்வது. கிங் என்ற ஜப்பான் கல் பேர் பெற்றது, 30 டொலர் சுற்றளவில் வரும். வீட்டுக்கு இந்த ஒரே கல் போதும். 6000 கல்லெல்லாம் பிறகு ஆசை வந்தால் பார்க்கலாம். ஹார்ட்வெயார் கடையில் இரு பக்கம் உள்ள சாம்பல் நிறக் கல் மலிவாகக் கிடைக்கும். கரடுப் பக்கம் பல் விழுந்த வாயை எடுக்க உதவும், ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது.

தீட்டுவதில் எல்லோரும் பயப்படுவது கோணத்துக்கு. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தகடு 45 மில்லிமீற்றர் அகலம் என்றால், வாயைக் கல்லில் படுக்க வைத்து முதுகை 12 மில்லிமீற்றர் தூக்குங்கள். அதுதான் 15 பாகை. ஒரு சுண்டுவிரலைக் கீழே வைத்துப் பார்த்துவிட்டு எடுத்தால் அளவு கைக்கு வந்துவிடும். கல்லைப் பத்து நிமிஷம் தண்ணீரில் ஊறவைத்து, அதே தூக்கலோடு ஒரு பக்கம் மட்டும் தேய்த்துக்கொண்டே இருங்கள். மறு பக்கத்து வாயில் விரலை வெளிப்புறமாக இழுத்துப் பார்த்தால் ஒரு பிசிறு தட்டுப்படும். வாய் முழுவதும் பிசிறு வந்ததும் திருப்பி மறு பக்கம். கடைசியில் அழுத்தாமல் இரண்டு பக்கமும் மாறி மாறி ஐந்தாறு இழுப்பு. அவ்வளவுதான். கல்லில் எழும் சேற்றை இடையில் கழுவாதீர்கள், அதுவும் தீட்டும். கல்லின் நடு குழிந்துவிட்டால் கரடுக் கல்லில் தேய்த்துச் சமப்படுத்துங்கள்.

பலகையும் கூரைக் காப்பாற்றும். பலா மரப் பலகை நல்லது, மென்மையான பிளாஸ்டிக்கும் பரவாயில்லை. கண்ணாடிப் பலகையும், வெட்டியதைப் பீங்கான் தட்டிலேயே வைத்து மறுபடி வெட்டுகிற பழக்கமும் ஒரே நாளில் வாயைக் கெடுக்கும். தேக்குப் பலகை அழகாக இருந்தாலும் அந்த மரத்தில் மணல் மாதிரிச் சிலிக்கா இருப்பதால் கூர் சீக்கிரம் போகும்.

இவ்வளவும் பேசித் தங்கச்சிக்கு முடிவானது இது. செகியில் செய்த சாதாரணத் துருப்பிடிக்காத சந்தொக்கு, 165 மில்லிமீற்றர், ஏறத்தாழ 8,000 ரூபா. 1000 இலக்கக் கல், 9,000 ரூபா. மிச்சம் 13,000 அவள் கையில். ஒரு வருஷம் தீட்டிப் பழகி, வாயில் பல் விழாமல் வைத்திருந்தால் அந்த மிச்சத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து டோஜிரோ டிபியில் நக்கிரி ஒன்று எடுக்கலாம் என்றும் பேசிக்கொண்டோம். கத்தியைத் தனியாக ஒருவரே பாவிக்கிற, ஏற்கெனவே தீட்டத் தெரிந்த வீட்டுக்கு நான் இந்த வழியைச் சொல்ல மாட்டேன். அவர்கள் நேராக டோஜிரோவுக்குப் போகலாம், அந்த உருக்கின் கூர் நிற்கிற காலம் அவர்களுக்குப் பயன்படும். தீட்டவே மாட்டேன், யாராவது வருஷத்துக்கு ஒரு முறை தீட்டித் தந்தால் போதும் என்கிறவர்களுக்கு விக்டோரினொக்ஸ்.

ஒசாகாவில் வேலை செய்கிற எங்கள் அத்தை மகன் லீவுக்கு வருகிறான், கத்தி அவன் பெட்டியில் வரும். கல் கொழும்பில் கிடைத்தது, போன வாரமே பண்டாரவளைக்கு அனுப்பிவிட்டேன். நேற்று ராத்திரி தங்கச்சி வீடியோ கோல் எடுத்து, அந்தப் பழைய பிளாஸ்டிக் பிடிக் கத்தியைக் கல்லில் வைத்து, "அண்ணே, சுண்டுவிரல் உயரம் சரியா இருக்கா, பாருங்க" என்று காட்டினாள். கொஞ்சம் கூடத் தூக்கியிருந்தாள். இறக்கச் சொன்னேன்.